சீயக்காய்ப் பொட்டலம்

பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாஸ்டர் என் கையில் ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தைக் கொடுத்தார். 1984. எனக்குப் பதினைந்து வயது. திருப்பூரில் இருந்துகொண்டு பனியன் கம்பெனிக்குப் போகாமல் பேக்கரிக்குப் போகிறானே என்று வீட்டில் ஏற்கெனவே முணுமுணுப்பு. இவர் வேறு சீயக்காயைத் தருகிறாரே, தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்கிறாரா என்று விழித்தேன். சாயங்காலம்தான் விஷயம் புரிந்தது. பப்ஸ் மாவுக்குள் டால்டா வைத்து மடித்த கை, குழாய்த் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் வழவழவென்றே இருந்தது. விரல் இடுக்கெல்லாம் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினாற்போல் வெள்ளை. வெந்நீரும் சீயக்காயும் சேர்ந்துதான் அதை இறக்கின.

எனக்கு அது அதிசயமாக இருந்தது. அம்மாவைப் பெற்ற அமுச்சியின் வீட்டில் வெண்ணெய் எடுத்த கையை யாரும் இப்படிக் கழுவிப் பார்த்ததில்லை. ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் தோட்டம், நாலு எருமை. விடியற்காலையில் மத்து போட்டுக் கடைந்து, திரண்டு வந்ததை உருட்டித் தண்ணீர்ச் சட்டிக்குள் போடுவாள். கையில் மிச்சம் ஒட்டியிருப்பதை அப்படியே என் முழங்கையிலும் வெடித்த குதிகாலிலும் தடவிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் தோலுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ரொம்பப் பின்னால்தான் எண்களில் தெரிந்துகொண்டேன். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. பப்ஸுக்கென்று தயாராகும் கொழுப்பு 40 டிகிரியைத் தாண்டினால்தான் முழுக்க உருகும். நாக்குக்கு அந்தச் சூடு கிடையாது. மலிவான பப்ஸ் தின்ற பிறகு மேலண்ணத்தில் ஏதோ படிந்ததுபோல் இருக்கிறதே, அது இதுதான். அதற்கு மேல் சூடான டீ குடித்தால் சரியாகிவிடும். பேக்கரியும் டீக்கடையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நான் யோசித்ததுண்டு.

ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் பலருக்கும் நாவூறும். ஆனால் அந்த ஊர்ப்பக்கம் பிறந்த நாங்கள் வெண்ணெய் தின்று வளர்ந்தோம் என்று நினைத்தால் அது தப்பு. வெண்ணெய் எங்களுக்குப் பணம். எருமைப் பாலே பன்னிரண்டு பதின்மூன்று லிட்டர் கடைந்தால்தான் ஒரு கிலோ தேறும். பசும்பால் என்றால் இருபது லிட்டர் வேண்டும். வாரம் ஒருமுறை வியாபாரி வந்து எடைபோட்டு வாங்கிப் போவார். எங்கள் பங்கு விரல் நுனியில் ஒட்டியதும் மோரும்தான். கம்பஞ்சோற்றுக்கு மோர், கம்மங்கூழுக்கு மோர். "அந்தக் காலத்துல வெண்ணெயும் நெய்யுமாத் தின்னாங்க, ஒண்ணும் ஆகலை" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்லும்போது எனக்கு அமுச்சியின் தண்ணீர்ச் சட்டி ஞாபகம் வரும். அதைத் தொட்டால் கரண்டிக் காம்பால் அடி விழும்.

மாஸ்டருக்குக் கண்ணூர்ப் பக்கம். டால்டாதான் எல்லாவற்றுக்கும். எந்தக் கம்பெனி வனஸ்பதி வந்தாலும் எங்களுக்கு டால்டாதான். அந்தப் பெயர் 1937-ல் சந்தைக்கு வந்தது. தாவர எண்ணெயை நிக்கல் தூளோடு சூடாக்கி, ஹைட்ரஜன் வாயுவை உள்ளே செலுத்தினால் எண்ணெய் இறுகிக் கட்டியாகும். வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் 1902-ல் காப்புரிமை வாங்கிய வித்தை அது. நெய் வாங்க முடியாதவர்களுக்கு நெய் மாதிரி ஒன்று. அதை நெய்யிலேயே கலந்து விற்கிறவர்கள் கிளம்பினார்கள். காந்தி வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். கலப்படத்தைப் பிடிக்க அரசாங்கம் ஒரு வழி வைத்திருந்தது. வனஸ்பதி செய்கிறவர்கள் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும். சந்தேகப்படும் நெய்யை உருக்கி, ஆய்வுக்கூடத்தில் அமிலமும் இன்னொரு மருந்தும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் சிவந்துவிடும். யாரோ ஒரு கெட்டிக்காரர் யோசித்திருக்கிறார். நெய்க்குள் ஒளிந்திருக்கும் டால்டாவைக் காட்டிக்கொடுக்க டால்டாவுக்குள்ளேயே ஓர் ஒற்றன்!

தொண்ணூறுகளில் எங்கள் கடைக்கு மார்ஜரின் வந்தது. அட்டைப் பெட்டிக்குள் நீலப் பாலிதீன், அதற்குள் மஞ்சளாக ஒரு பாளம். டால்டா முழுக்கக் கொழுப்பு. மார்ஜரின் அப்படியல்ல, வெண்ணெயைப் பார்த்து வரைந்த படம் மாதிரி. வெண்ணெயில் நூற்றுக்கு 80 கொழுப்பு, 16 வரை தண்ணீர். இதிலும் ஏறக்குறைய அதே கணக்கு. மேலே நிறம், மணம், உப்பு. பிரெஞ்சு தேசத்தில் மூன்றாம் நெப்போலியன் வெண்ணெய்க்கு மாற்றாக மலிவாக ஒன்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பரிசு அறிவிக்க, மேஜ் மூரியே என்பவர் 1869-ல் மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்து காட்டிய பண்டம் அது. எங்கள் கைக்கு வரும்போது மாடு போய்ப் பாமாயில் வந்திருந்தது.

தொழிலில் அதைப் பார்த்ததும் எல்லோரும் மயங்கிப்போனோம். காரணம் பப்ஸ். மாவை விரித்து, நடுவில் கொழுப்பை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடிக்க வேண்டும். மறுபடி தேய்த்து மறுபடி மடிப்பு. நாலு முறை மடித்தால் உள்ளே 81 அடுக்கு. அடுப்புச் சூட்டில் மாவிலும் கொழுப்பிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். கொழுப்பு ஓர் அடுக்கை இன்னோர் அடுக்கோடு ஒட்டவிடாது. பப்ஸின் மொறுமொறுப்பு அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கொழுப்பு மாவைப்போலவே வளைய வேண்டும். உருகினால் மாவுக்குள் ஊறிவிடும், இறுகினால் மாவைக் கிழித்துவிடும். எங்கள் ஊரில் சித்திரை மாதம் வேலை செய்யும் அறையில் 38 டிகிரி. வெண்ணெய்க்கு அங்கே என்ன வேலை?

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1996-ல் ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறு ஊரில் சொந்தக் கடை போட்டேன். எட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண ஆர்டர். வெளிநாட்டில் இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், முந்நூறு பப்ஸ், சுத்தமான வெண்ணெயில்தான் வேண்டும் என்றார்கள். காசு அவர்களுடையது. எனக்கும் அமுச்சி ஞாபகத்தில் ஒரு வீறாப்பு. இரண்டாவது மடிப்பிலேயே மேஜை முழுக்க வெண்ணெய் வழிய ஆரம்பித்தது. மைதாவைத் தூவித் தூவி எப்படியோ சமாளித்து அடுப்பில் வைத்தேன். டிரேயில் வெண்ணெய் குளம் கட்டி, அதில் பப்ஸ் பூரி மாதிரி பொரிந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் சப்பாத்தி. மணம் மட்டும் தெருமுனை வரைக்கும் போயிற்று. ராத்திரி முழுக்க மார்ஜரினில் திரும்பப் போட்டு, வெண்ணெய்க்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மார்ஜரினில் செய்தது என்பதையும் சொன்னேன். "இதுதாங்க டேஸ்ட்டா இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அந்த ஆளிடம் சொன்னேனே தவிர, கவுன்ட்டரில் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடிப் பாட்டில் மேல் 'பட்டர் பிஸ்கட்' என்று பெயின்டரை வைத்து எழுதியிருந்தேன். உள்ளே மைதா, சர்க்கரை, மார்ஜரின், ரெண்டு சொட்டு பட்டர் எசன்ஸ். வெண்ணெய்க்கு அந்த மணத்தைத் தருவதில் டைஅசிட்டைல் என்று ஒன்று முக்கியம்; எசன்ஸ் பாட்டிலில் இருப்பதும் அதுதான். மூக்குக்கு வித்தியாசம் தெரியாது. பிறந்தநாள் கேக்கின் 'பட்டர் கிரீம்' கதையும் இதே. யாரும் கேட்கவில்லை, நானும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. ஊரில் எல்லா பேக்கரியிலும் அதற்கு அதுதான் பெயர். ஒரே ஒருமுறை கேள்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்களிடம் கொஞ்ச நாள் ரொட்டி வேலை செய்தவர், 1990-ல் மன்னாரிலிருந்து வந்து பவானிசாகர் முகாமில் இருந்தவர். முதல் நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்ததும், "பாணுக்குப் பூச மாஜரின் இல்லையோ அண்ணை?" என்றார். பெட்டியைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் கேட்டது டப்பாவில் வருகிற, கத்தியால் வழித்துப் பூசுகிற மெதுவான மாஜரின். அங்கே வீட்டுக்கு வீடு அது உண்டாம். நான் காட்டியதைப் பூச வேண்டுமென்றால் ரொட்டி இரண்டாகப் பிளந்துவிடும்.

அந்தச் சிரிப்பில் இருந்த விஷயம் எனக்கு உறைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2009-ல் எனக்கு நாற்பது வயது. படியேறினால் மூச்சு வாங்குகிறதென்று ரத்தம் பரிசோதித்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் 178. டாக்டரம்மா கேட்டார், "வெண்ணெய், நெய் நிறைய சேப்பீங்களா?" நான் தொடுவதே இல்லை என்றேன். அது உண்மையும்கூட. "தொழில் என்ன?" பேக்கரி என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பப்ஸ் ஓரத்தை நேராக வெட்டும்போது விழுகிற துண்டுகளைச் சேர்த்துச் சுட்டு, டீயோடு தின்பது பேக்கரிக்காரன் வழக்கம். அதற்குக் காசு கிடையாது, கணக்கும் கிடையாது. இருபத்தைந்து வருஷம், தினம் இரண்டு வேளை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் முதலில் கிடைத்தது கோபம். மேல்நாட்டில் அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை, வெண்ணெயை விட்டு மார்ஜரினுக்கு மாறுங்கள் என்றுதான் சொல்லிவந்தார்கள். வெண்ணெயின் எடையில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். மார்ஜரின் தாவர எண்ணெய், ஆகவே நல்லது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெயை அரைகுறையாக இறுக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு என்று ஒன்று உண்டாகிறது. 1990-ல் நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டன் என்ற இருவர் ஆட்களுக்கு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நல்லதை இறக்கவும் செய்கிறது என்று தெரிந்தது. வெண்ணெய் ஒரு பக்கம்தான் அடிக்கும். இது இரண்டு பக்கமும். 1993-ல் அமெரிக்க நர்சுகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், டிரான்ஸ் அதிகம் தின்றவர்களுக்கு மாரடைப்பும் அதிகம் என்று வந்தது. டென்மார்க் 2003-லேயே சட்டம் போட்டு, கொழுப்பில் நூற்றுக்கு 2-க்கு மேல் கூடாது என்றது. அந்த 2003-ல் நான் இங்கே தினமும் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் வனஸ்பதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட டிரான்ஸ் இருந்த காலம் அது.

இங்கே விதி படிப்படியாக இறங்கியது. 2011-ல் நூற்றுக்கு 10, பிறகு 5, 2021 ஜனவரியில் 3, 2022 ஜனவரியில் 2. எனக்கு இதெல்லாம் அரசிதழில் தெரியவில்லை, கையில் தெரிந்தது. புதுச் சரக்கு மார்கழியில் கல்லாக இறுகியது. தேய்த்தால் துண்டு துண்டாக உடைந்து மாவைக் கிழித்தது. முந்தின ராத்திரியே வெளியே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. விற்க வந்த தம்பி பெட்டியைத் தட்டிக்காட்டி, "டிரான்ஸே இல்லீங்கண்ணா, பயமில்லாமப் போடுங்க" என்றான். வேறு எதை வைத்து இறுக்கினீர்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பெட்டியில் இருந்தது, பாமாயிலில் கெட்டியாக நிற்கிற பாகம். டிரான்ஸ் போனது நிஜமான நன்மை. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் பாமாயிலிலேயே கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதன் கெட்டிப் பாகத்தில் இன்னும் கூடும். சுற்றிச் சுற்றி வெண்ணெய் இருந்த இடத்துக்கே வந்து நிற்கிறோம், வெண்ணெயின் ருசி மட்டும் இல்லாமல்.

ஆகவே 'வெண்ணெயா மார்ஜரினா' என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த மார்ஜரின் என்றுதான். சூரியகாந்தி, சோயா மாதிரி எண்ணெயில் செய்து டப்பாவில் வரும் மெதுவான மார்ஜரின், டிரான்ஸ் இல்லாததாக இருந்தால், கொலஸ்ட்ரால் கணக்கில் வெண்ணெயைவிட மேல். டாக்டர்கள் இன்றைக்கும் சிபாரிசு செய்வது அதைத்தான். எங்கள் பக்கம் அதை வீட்டில் வாங்கி வைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். இங்கே நீங்கள் தின்கிற மார்ஜரின் உங்கள் வீட்டுக்குள் வருவதே இல்லை. அது விடிகாலை நாலு மணிக்கு என் மேஜை மேல் இருக்கிறது. தேர்ந்தெடுப்பவன் நான்.

இதை வெளிப்படையாகச் சொல்ல வைத்தவர் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கணக்கு வாத்தியார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்திருந்தார். வழக்கம்போல் ஒரு எக் பப்ஸும் டீயும் சொல்லிவிட்டு, "வெண்ணெயை விட்டுட்டேம்ப்பா. காலையில பிரெட்டுக்கு ஒரு ஸ்பூன் தடவிக்குவேன், அதையும் நிறுத்தியாச்சு" என்று பெருமையாகச் சொன்னார். சீட்டுக்கட்டு மாதிரி பப்ஸின் மேலடுக்கு அவர் விரலில் உதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பில் போடும் சீட்டை எடுத்துப் பின்பக்கம் எழுதினேன். ஒரு கிலோ மைதாவுக்கு 650 கிராம் மார்ஜரின். 36 பப்ஸ். ஒன்றுக்கு 18 கிராம். அதில் கொழுப்பு 14 கிராம் சொச்சம், பாதிக்கு நிறைவுற்றது என்று வைத்தால் 7.

சீட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு மை, பழக்கம் போகவில்லை.

"ஓரம் வெட்டிப் போடறியே, அதைக் கழிச்சியா?"

"இல்லீங்க சார்."

"எவ்வளவு போகும்?"

"பத்துல ஒண்ணு போகுமுங்க."

18-ஐ அடித்து 16 என்று எழுதினார். 14-ஐ அடித்து 13. ஏழு, ஆறரை ஆயிற்று. "ஸ்டெப் தப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே, "ஒரு ஸ்பூன் வெண்ணெய்ல இது எவ்வளவு?" என்றார். ஐந்து கிராம் வெண்ணெயில் இரண்டரை என்றேன். ஆறரையை இரண்டரையால் வகுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். ஒரு நாளைக்கு எவ்வளவு போகலாம் என்று கேட்டார். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 22 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைச் சொன்னேன். பாலிலும் தேங்காயிலும் போவதும் அதற்குள்தான். அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இருபது வருசமா இங்கதான வர்றேன். ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரமே பாட்டில் மேலிருந்த பெயரைச் சுரண்டி 'மைதா பிஸ்கட்' என்று ஒட்டினேன். வந்தவர்கள் எல்லாம், "பட்டர் பிஸ்கட் போடறதில்லீங்களா?" என்று கேட்டார்கள். கவுன்ட்டரில் இருக்கும் பெண், "அதேதானுங்க இது, பேரு மட்டும் மாத்திட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். சனிக்கிழமை மட்டும் நிஜ வெண்ணெயில் கொஞ்சம் போடுகிறேன். அதிகாலை மூன்று மணிக்கு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவும் ஐஸ் தண்ணீரில் நனைத்த கையுமாக. விலை இரண்டரை மடங்கு. வெண்ணெயே மார்ஜரினைப்போல் மூன்று மடங்குக்கு மேல் விற்கிறது, வேறு வழியில்லை. நாற்பது பாக்கெட் போனால் பெரிது. உடம்புக்கு நல்லதென்று நினைத்து வாங்குகிறவர்களிடம், இதிலும் நிறைவுற்ற கொழுப்பு அதே அளவுதான், ருசிக்காக வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஓரிருவர் திருப்பி வைத்துவிட்டுப் போனதும் உண்டு. என் வீட்டில் தோசைக்கு நல்லெண்ணெய், பொரியலுக்குக் கடலை எண்ணெய். வெண்ணெய் எப்போதாவது பேத்திக்கு, விரல் நுனி அளவு. அவள் அதை முழங்கையில் தடவிக்கொள்வதில்லை, நேராக வாய்க்குத்தான்.

ஹெட்மாஸ்டர் நடுவில் ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்து, பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்தார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். பப்ஸ் டிரேயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒண்ணு எடு. பாதியா வெட்டிக் குடு."

வெட்டினேன். பாதியைத் தட்டில் வைத்து நீட்டினேன்.

"மீதிப் பாதிய என்ன பண்றதுங்க சார்?"

"காசு முழுசுக்கும் குடுத்துடறேன். அந்தப் பாதி உன் கணக்கு" என்றார். "நீ மட்டும் தின்னுறாதே."

நான் அதைத் தாளில் மடித்து டிரேயின் ஓரத்தில் வைத்தேன். கை கழுவக் குழாயடிக்குப் போனால், சீயக்காய் டப்பா காலியாக இருந்தது.